இரண்டு தாழ்ப்பாள் கோட்டை

கேளுங்க பிள்ளைகளே. ஆறுகூட வேறு பக்கமாக ஓடிய அந்தக் காலத்திலே, ஒரு கொடுங்கோல் ராஜா இருந்தான். அவனுக்குத் தன் ஜனங்கள் மேலும் நம்பிக்கை இல்லை, தன் காவலர்கள் மேலும் நம்பிக்கை இல்லை. அதனால் கோட்டைக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள், வெளியே ஒரு தாழ்ப்பாள் போட்டான். இரண்டையும் எடுத்தால்தான் கதவு திறக்கும்.

ஒருநாள் அந்த ராஜா கடல் தாண்டி ஓடிப்போனான். ஊரே கோட்டை வாசலில் வந்து நின்றது.

அந்தக் கூட்டத்தில் பூவாயி என்று ஒருத்தி. அவள் புருஷன் சடையன் உள்ளே சிறையில் கிடந்தான். அவன் உயிரோடு வரவேண்டும், அவளுக்கு அவ்வளவுதான்.

முத்திருளன் பந்தம் கொளுத்திக்கொண்டு வந்தான். அவன் மகனைப் பிடித்துப் போனவர்கள் திருப்பித் தரவே இல்லை. "கதவைக் கொளுத்து! உள்ளே ஒருத்தன் மிஞ்சக் கூடாது!" என்றான்.

உள்ளே இருந்த தளபதி சும்மா இருப்பானா? "ராஜா திரும்பி வருவார்! வெளியே தீ வைத்தால், இங்கே கைதிகளை வெட்டுங்கள்!" என்று வெளியே கேட்கும்படி காவலர்களிடம் கத்தினான்.

பூவாயி ஓடினாள். பொழுது சாயும் வரைக்கும் பொறு அண்ணே என்று முத்திருளன் காலைப் பிடித்தாள். கதவு இடுக்கில் வாய் வைத்துக் கூப்பிட்டாள். கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

மறுபடி போய்க் கூப்பிட்டாள். "திறந்தா எங்களை வெட்டுவீங்க. போ தாயி," என்றது ஒரு குரல்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். சடையனை இழுத்துக்கொண்டு போன காவலன் வீரணனின் குரல். பூவாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அவன் குரல் வறண்டிருந்ததே! உள்ளே நெல் குவிந்து கிடந்தது, கிணற்றில் தண்ணீர் இல்லை. வெளியே ஆறு ஓடியது, அடுப்பில் சோறு இல்லை.

மூன்றாம் தடவை அவள் குடத்தோடு போனாள். இடுக்கு வழியே தண்ணீரை ஊற்றினாள்.

"துரோகி! புருஷனைக் கொண்டுபோனவனுக்கே ஊட்டிவிடுறா பாரு!" என்று கூட்டம் ஏசியது.

அவள் திரும்பவில்லை. "வீரணா, குடி. கைதிகளுக்கும் கொடு. உன்னை வெட்ட வந்தா என்னை முதல்ல வெட்டட்டும். ஆனா நீ செஞ்சதுக்கு ஊர்ச் சபையில பதில் சொல்லணும். அதை நான் விடமாட்டேன்."

உள்ளே மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொரு குடம் கொண்டா தாயி," என்றான்.

ஒவ்வொரு காவலனாகத் தண்ணீர்ப் பக்கம் வந்தான். தளபதி கத்தினான். கேட்கத்தான் ஆள் இல்லை.

உள்தாழ்ப்பாள் நகர்ந்தது. வெளித்தாழ்ப்பாளைப் பூவாயி ஒருத்தியால் தூக்க முடியவில்லை. ஏசிய கூட்டத்திலிருந்தே நாலு பேர் வந்து கை கொடுத்தார்கள்.

வீரணன் வெறுங்கையோடு வெளியே வந்தான். முத்திருளன் அரிவாளை ஓங்கினான். பூவாயி குறுக்கே போய் நின்றாள்.

அப்போது சடையன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். வீரணனைக் கண்டதும், பழக்கத்தில், குனிந்து கும்பிட்டான்.

வீரணன் முகத்தை மூடிக்கொண்டான். பூவாயி ஓடிப்போய், கும்பிட்ட அந்தக் கைகளைப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஓங்கிய அரிவாள் மெல்ல இறங்கியது.

"நாளைக்குச் சபையில என் மகன் எங்கேன்னு கேப்பேன்," என்றான் முத்திருளன்.

"சொல்றேன்," என்றான் வீரணன். "எல்லாத்தையும் சொல்றேன்."

கொடுமை ஒழிந்த நாட்டைப் பிழைக்க வைப்பது, நியாயத்தையும் விடாமல் எதிராளியோடு பேசவும் துணிகிறவர்கள்தான்.