காலையில் கருமாதி, வழியில் பங்சர்

குற்றாலலிங்கம் அன்றைக்குக் காலை ஏழு மணிக்கெல்லாம் செத்துப்போயிருந்தார். ஒன்பதரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பயப்பட வேண்டாம். எங்கள் மடத்தில் துறவறம் வாங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு முறை உண்டு. ஆற்றில் முழுகி, தனக்குத் தானே பிண்டம் வைத்து, தன் கருமாதியைத் தானே முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வீடு, மனைவி, மக்கள் எதுவும் கிடையாது. அதன் பிறகுதான் குரு கையால் காவி.

தாமிரபரணிப் படித்துறையில் பிண்டத்தை முடித்துக்கொண்டு வள்ளியூர்ப் பக்கம் இருக்கும் மடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் காவி வாங்கியாக வேண்டும். தவறினால் அடுத்த முகூர்த்தம் தை மாதம்தான். குற்றாலலிங்கம் இந்த நாளுக்காக வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்.

அவர் பக்கத்தில் ஈசானச் சாமி உட்கார்ந்திருந்தார். எங்கள் குரு. சீடரைவிட வயதில் இளையவர், பேச்சில் மூத்தவர். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் குற்றாலலிங்கத்துக்குக் கட்ட வேண்டிய புதுக் காவி. பின்சீட்டில் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே நான். மடத்துச் சமையல்காரன். யாராவது செத்தாலும் பிழைத்தாலும் எனக்கு உலை வைக்கிற வேலைதான்.

"சாமி, செத்தாச்சு. ஆனா ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையே" என்றார் குற்றாலலிங்கம்.

"ரோட்டைப் பாத்து ஓட்டும்" என்றார் சாமி.

நாங்குநேரி தாண்டி ஒரு வளைவு. அதைத் திரும்பியதும் பின்னால் தடதடவென்று சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. குற்றாலலிங்கம் பதறிப்போய், வளைவு முடிந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். நாலுவழிச் சாலை. பஸ்ஸும் லாரியும் பேய்வேகத்தில் வருகிற இடம். வண்டியில் பாதி ரோட்டில் நின்றது.

பங்சரானது வலதுபக்கப் பின்சக்கரம். அதாவது ரோட்டுப் பக்கம்.

"இங்கன வேண்டாம்வே. வளைவுக்குப் பின்னால வாறவனுக்கு நாம நிக்கது தெரியாது. மெல்ல உருட்டிக்கிட்டே போம். அந்தா பெட்ரோல் பங்க் தெரியுது" என்றார் சாமி.

"காத்தில்லாம ஓட்டினா ரிம் வளைஞ்சிரும் சாமி. புது வண்டி."

"செத்தவருக்கு ரிம் எதுக்குவே?"

குற்றாலலிங்கத்துக்குக் கொஞ்சம் வருத்தம். "எனக்கில்ல சாமி. மடத்துக்குக் கொடுத்த வண்டியாச்சே."

"வளைஞ்ச ரிம்மோட மடம் வாங்கிக்கிடும்."

அவர் கேட்கவில்லை. பின்னால் என்ன வருகிறது என்றுகூடப் பார்க்காமல் வலதுபக்கக் கதவைத் திறந்து இறங்கினார். ஜாக்கியை எடுத்தார், ஸ்டெப்னியை உருட்டினார், வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். மொட்டைத் தலையில் குரு களைவதற்காக விட்டுவைத்த நாலு முடி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"நீ இடதுபக்கமா இறங்கு" என்று சாமி என்னிடம் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு தானும் இறங்கினார். வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ரோட்டோரத்து இரும்புத் தடுப்பை ஒரே தாண்டாகத் தாண்டி அந்தப்பக்கம் போய்விட்டார். ஒரு ஞானி தடுப்பு தாண்டுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாத்திரங்களை அம்போ என்று விட்டுவிட்டு நானும் தாண்டினேன். கருவேல முள் காலில் குத்தியது. பரவாயில்லை என்றிருந்தது.

"சாமி, எங்க போறீக?" என்றார் குற்றாலலிங்கம்.

"உசுருக்குப் பயந்து போறேன். நீரும் வாரும்."

இந்த மனுஷனிடமா இத்தனை வருஷம் பாடம் கேட்டோம் என்று குற்றாலலிங்கத்தின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"உடம்பு பொய்னு நீங்கதானே சாமி சொன்னீக?"

"சொன்னேன். எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். லாரிக்காரனுக்கு யாருவே சொல்லுவா?"

"எனக்குப் பயமே இல்ல சாமி. நான்தான் காலையிலயே செத்தாச்சே. செத்தவனுக்கு என்ன பயம்? அதைச் சொல்லுங்க."

சாமி பைக்குள் கையை விட்டுப் புதுக் காவியை உருவினார். தடுப்புக்கு அந்தப்பக்கமாகவே விறுவிறுவென்று பின்னால் நடந்து, வளைவுக்கு அந்தப்பக்கம் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, காவியைத் தலைக்கு மேல் வீச ஆரம்பித்தார்.

குற்றாலலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "சாமி, அது என் காவி" என்று கத்தினார்.

"அதான்வே, உமக்காகத்தான் வீசுதேன்" என்று அங்கிருந்து பதில் வந்தது.

வீசின வீச்சுக்கு ஒரு பஸ் விலகிப் போனது. இரண்டு வேன் விலகிப் போனது. அதற்குப் பின்னால் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. காவியைப் பார்த்ததும் டிரைவர் பிரேக்கை மிதித்தான். ஹாரன் அலறியது, டயர் கிறீச்சிட்டது, லோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லாரி கவிழப்போகிறது என்றே நினைத்தேன். கவிழவில்லை. குற்றாலலிங்கத்தை ஒரு முழத் தூரத்தில் உரசுகிற மாதிரி தாண்டிப் போய், தள்ளி ஓரம்கட்டி நின்றது. ரோடெல்லாம் மட்டை.

குற்றாலலிங்கம் எப்போது எழுந்தார், காரை எப்படிச் சுற்றினார், தடுப்பை எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. என் பக்கத்தில் முள்ளுக்குள் கிடந்தார். வரும்போது "செண்பகம்" என்று ஒரு கூப்பாடு போட்டார். செண்பகம் அவர் சம்சாரம். விடியற்காலையில் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்த அதே செண்பகம்.

லாரி டிரைவர் இறங்கி வந்தான். வரும்போதே, "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினான்.

"சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார் குற்றாலலிங்கம். பொய் பேசத் தெரியாத மனுஷன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிட்டே வந்ததும் டிரைவரிடம் கோபம் மிச்சமில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்தான். மூடியைத் திருகப் பார்த்தான். முடியவில்லை. நான் வாங்கி மூடினேன். என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அடி கிடி படலையே அண்ணாச்சி?" என்று குற்றாலலிங்கத்திடம் கேட்டான்.

"இல்லப்பா."

அவன் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டான். "முதல்ல வண்டிய எடுத்து ஓரங்கட்டுங்க" என்றான். அப்புறம் சிதறின மட்டைகளை வண்டி வராத நேரம் பார்த்துக் காலால் ஓரம் தள்ளிவிட்டுப் போனான்.

சாமி வந்து, காவியை உதறி மடித்துப் பையில் வைத்தார். இடதுபக்கமாக ஏறி உட்கார்ந்தார்.

குற்றாலலிங்கம் ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் டிக்கியில் போட்டுவிட்டு வந்து, சிவப்பு முக்கோணம் போட்ட சுவிட்சை அமுக்கினார். நாலு பக்கமும் லைட் மின்ன ஆரம்பித்தது. கண்ணாடியில் பின்னால் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஓரத்தை ஒட்டி நத்தையாக உருட்டினார். பெட்ரோல் பங்க் வரைக்கும் ரிம் கடகடவென்று அழுதுகொண்டே வந்தது. அவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

பங்க்கில் ஒரு மூலையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, நட்டுகளைத் தளர்த்திவிட்டு, அப்புறம்தான் ஜாக்கியை ஏற்றினார். எல்லாம் முறையாகச் செய்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பத்தரை தாண்டியிருந்தது.

கழற்றின சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்துவிட்டது. அறுபது வயது மனுஷன் பெட்ரோல் பங்க்கில் உட்கார்ந்து அழுவதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

"முகூர்த்தம் போச்சு சாமி."

"போச்சு."

"வீட்டுக்குப் போக முடியாது. கருமாதி முடிச்சுட்டு வந்தவன் எந்த முகத்தோட கதவைத் தட்டுவான்? மடத்துல காவியும் இல்ல. தை மாசம் வரைக்கும் நான் யாரு சாமி? செத்தவனா, இருக்கிறவனா?"

சாமி அவர் தோளில் ஒட்டியிருந்த கருவேல முள்ளை எடுத்துப் போட்டார்.

"அது எனக்குத் தெரியாதுவே. ஆனா நீரு இருக்கீருன்னு நம்பி ஒருத்தன், தன் வண்டி கவுந்தாலும் கவுழட்டும்னு பிரேக்கை மிதிச்சிருக்கான். அவன் மரியாதைக்காவது தை வரைக்கும் உசுரோட இரும்."