வழுக்காத டயர்

"வழுக்கவே வழுக்காத டயர் எது, அம்மிணி?"

கேட்டவர் சென்னியப்பன். வயது அறுபத்திரண்டு. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் ஜெசிந்தா. வயது முப்பத்து மூன்று. வால்பாறை மலைப்பாதை ஏறத் தொடங்கும் ஆழியாறில் டயர்க்கடை வைத்திருக்கிறாள். மலையேறுகிறவர்கள் அவளைக் கேட்காமல் டயர் மாற்ற மாட்டார்கள். கேட்டால் பதில் சொல்வாள் என்றும் சொல்ல முடியாது.

ஜெசிந்தா கையிலிருந்த, டயர் கழற்றுகிற லிவரைத் தூக்கிக் கடை வாசலில் நின்ற புளியமரத்தைக் காட்டினாள். அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு டயர் தொங்கியது. அதில் 'காற்று' என்று எழுதியிருந்தது.

"அதுங்."

சென்னியப்பன் அண்ணாந்து பார்த்தார்.

"பதினோரு வருசமா அங்கதான் தொங்குது. ஒருக்காக்கூட வழுக்குனதில்லீங்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவருக்குப் புரையேறியது.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

---

"யாருக்குங் வழுக்கக் கூடாது?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"என்ற சம்சாரத்துக்கு."

அவரிடம் அறுபத்தேழாம் வருஷத்து ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது, அப்போதே பழசு. பின்னால் சம்பூர்ணம் உட்காருவாள். ஏறியதும் பேச ஆரம்பித்தால் இறங்கும்வரை நிறுத்த மாட்டாள். ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் அவர் காதுக்குப் பக்கத்திலேயே நடக்கும்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், மழை பெய்து விட்ட ஒரு மத்தியானம், இதே மலையில் ஏழாவது வளைவில் வண்டி வழுக்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பூர்ணத்துக்கு முழங்கையில் ஆறு தையல்.

மறுநாளே வண்டியைக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அப்புறம் எங்கே போனாலும் பஸ்தான். ஒரே பஸ்தான். அவள் பொம்பளைங்க பக்கம் உட்காருவாள், இவர் ஆம்பளைங்க பக்கம். நடுவில் பாதி ஊர் நிற்கும்.

அந்தப் பேச்சை அவர் காது இருபத்தெட்டு வருஷமாகத் தேடுகிறது. அதனால்தான் ஓய்வு பெற்ற கையோடு கொட்டகையைத் திறந்தார். இரண்டு வருஷம் உட்கார்ந்து வண்டியைப் பிரித்து, பூட்டி, துலக்கி, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டார். பாக்கி டயர் ஒன்றுதான். அதிலேயே ஏழு மாதம் ஓடிவிட்டது.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆழம் தெரிந்த பிறகும் விட மாட்டார் என்பது அவரோடு ஆபீஸில் வேலை பார்த்தவர்களின் கருத்து.

"நாளைக்கு வண்டியைக் கொண்டாங்க" என்றாள் ஜெசிந்தா.

---

மறுநாள் குட்டியானை வேனில் ஏறி ஜாவா வந்து இறங்கியது. கூடவே ஒரு நோட்டும், இரண்டு டயரும்.

நோட்டில் ஏழு கடைக்காரர்கள் சொன்ன ஏழு பதில்கள் இருந்தன. கோடு போட்ட டயர்தான் பழைய வண்டிக்கு லட்சணம் என்றார் ஒருவர். கட்டம் போட்டதுதான் மலையில் பிடிக்கும் என்றார் இன்னொருவர். மற்ற ஐந்து பேரும் இந்த இரண்டு பேரையும் திட்டியிருந்தார்கள்.

டயர் இரண்டும் தனி ரகம். பழைய வண்டிக்காரர்கள் வெறிபிடித்துத் தேடுகிற சரக்கு. வண்டி வந்த காலத்து டயர், அப்போதே யாரோ வாங்கிப் போடாமலே வைத்துவிட்டது. சுற்றிய காகிதம்கூடப் பிரியவில்லை.

"சேலத்துல ஒருத்தர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்குனேன்" என்றார் சென்னியப்பன். "ஒரு நாள்கூட ரோட்டைப் பாக்காத டயர், அம்மிணி."

ஜெசிந்தா காகிதத்தைப் பிரித்தாள். டயர் கருகருவென்று இருந்தது. மேலே ரப்பர் முடிகூட உதிரவில்லை.

"நகத்தை ஊணிப் பாருங்" என்றாள்.

அவர் ஊன்றினார். நகம் ஒடிந்தது. ரப்பர் கிடந்து கிடந்து கல்லாகியிருந்தது.

அவள் அலமாரியிலிருந்து வேறொரு டயரை உருட்டி வந்தாள். "இதுல?"

நகம் பதிந்து, தடம் மெல்ல மறைந்தது.

சென்னியப்பன் ஒடிந்த நகத்தைப் பார்த்தார். சேலத்து டயரைப் பார்த்தார். அப்புறம் அதைத் திரும்பக் காகிதத்தில் சுற்றப் போனார்.

"ஏனுங், மறுபடியும் சுத்தறீங்க?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

---

அவள் ஓடிப் பழகின ஒரு ஜோடி டயரை எடுத்து வண்டிக்குப் போட்டாள். ஒன்று ஒரு கம்பெனி, இன்னொன்று வேறு கம்பெனி.

"இது எரவலுங். உங்களுக்கில்ல."

"இந்த வண்டிக்கு இதையா?" பட்டுவேட்டிக்குக் கிழிந்த துண்டைப் போட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

ஜெசிந்தா சாக்பீஸ் ஒன்றை எடுத்தாள். முன் டயரின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு இழுத்தாள். பின் டயரிலும் இழுத்தாள்.

"ஒம்போதாவது வளைவு வரைக்கும் போயிட்டு வாங்க."

அவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"ஒம்போது வரைக்கும் போனீங்களா?"

"ஆறு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. குனிந்து டயரைப் பார்த்தாள். சாக்பீஸ் கோடு நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு அழிந்திருந்தது. இரண்டு பக்கமும் போட்டது போட்டபடி இருந்தது.

"வண்டியைச் சாய்க்கவே இல்லீங்களா?"

"சாய்ச்சா வழுக்குமே."

"அப்ப மீதி டயரை யாருக்குங் வெச்சிருக்கீங்க?"

சென்னியப்பன் குனிந்து அந்த வெள்ளைக் கோட்டை விரலால் அளந்து பார்த்தார். அளக்கிறவருக்கு அளந்து காட்டினால்தான் உறைக்கும். இவ்வளவு பெரிய டயரில் ஒரு நாடா அகலத்தில் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஜெசிந்தா மறுபடியும் கோடு போட்டாள். அவர் மறுபடியும் போனார்.

இரண்டாம் தடவை நாலு விரல் அழிந்தது. ஏழாவது வளைவை முதல் கியரில், காலைத் தரையில் ஊன்றியபடி தாண்டியதாகச் சொன்னார். எதிரே வந்த குரங்கு ஒதுங்கி நின்று வழி விட்டதாம்.

மூன்றாம் தடவை போனவர் ஒரு மணி நேரம் கழித்தும் வரவில்லை. அன்றைக்கும் டீ குடிக்க வந்திருந்த லாரி டிரைவர்கூட இரண்டு தடவை ரோட்டை எட்டிப் பார்த்தார். அப்புறம் வண்டிச் சத்தம் கேட்டது. பின்னாலேயே அவர் கத்துகிற சத்தமும் கேட்டது.

"பதிமூணு, அம்மிணி! பதிமூணு வரைக்கும் போயிட்டேன்!"

கோடு கிட்டத்தட்ட ஓரம்வரை அழிந்திருந்தது.

"வழுக்குச்சுங்களா?"

"பத்தாவதுல மணல் கெடந்தது. பின்னாடி லேசா ஒதறுச்சு." கையை ஆட்டிக் காட்டினார். "புடிச்சுட்டேன்!"

அவருக்கு இருபது வயது குறைந்திருந்தது. டிரைவர் தன் டீயை அவரிடம் நீட்டினார். அவரும் கூச்சப்படாமல் வாங்கிக் குடித்தார்.

---

"சரிங், இப்ப உங்க டயரை எடுங்க" என்றாள் ஜெசிந்தா.

சென்னியப்பன் நோட்டைத் திறக்கவில்லை. அலமாரிப் பக்கம் போய், நாலு டயரில் நகத்தை ஊன்றிப் பார்த்தார். மலைக்குப் பிடிக்கும் என்று தோன்றியதில் ஒரு ஜோடி எடுத்து வைத்தார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு மாதத்து வேலை முடிந்துவிட்டது.

அவள் டயரைப் பூட்டினாள். முன் சக்கரத்துக்குக் காற்று அடித்தாள். காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்கு வந்தாள். எல்லாக் கடையிலும் எல்லாரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"சிங்கிளா, டபுள்ஸா?"

"டபுள்ஸ்!" சென்னியப்பன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஆள் இரண்டானால் பின் சக்கரத்துக்குக் காற்று கூட வேண்டும், அது அவருக்கும் தெரியும்.

"ரெண்டாவது ஆளு எங்கீங்?"

"ஊட்டுல இருக்கறா."

"வர்றேன்னு சொன்னாங்களா?"

சென்னியப்பன் டீ டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"டயர் போட்டுட்டுக் கேக்கலாம்னு…"

"இந்த ரெண்டு வருசத்துல?"

"வண்டி தயாராகட்டும்னு…"

"அதுக்கு முந்தி இருபத்தாறு வருசத்துல?"

"பயந்திருப்பா, அம்மிணி. ஆறு தையலு. அவகிட்டப் போயி எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?"

ஜெசிந்தா குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். பின் சக்கரம் தட்டையாகத் தரையில் படுத்திருந்தது.

"என்ன அம்மிணி, காத்து?"

"ஆள் தெரியாம காத்து அடிக்கறதில்லீங். வண்டி இங்கயே நிக்கட்டும். பஸ்ஸு வருது பாருங்."

பஸ் நிஜமாகவே வந்துகொண்டிருந்தது.

---

தாலுகாவையே சங்கிலி போட்டு அளந்தவர், பஸ் நிறுத்தத்திலிருந்து தன் வீட்டுக்குப் போகிற இருநூறு அடியை நடக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

சம்பூர்ணம் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வண்டி எங்கீங்?"

"கடையில நிக்குது."

"டயரு கெடைக்கலீங்களா?"

"கெடைச்சுது."

அவள் கீரையைப் பார்த்தாள். அவர் அவள் முழங்கையைப் பார்த்தார். தழும்பு வெளிறிப்போய், உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அவருக்குப் பதிமூன்று வளைவிலும் இப்படி வேர்க்கவில்லை.

"சம்பூர்ணம்."

"ம்?"

"வண்டியில எம்பின்னாடி வர்றயா?"

உருவின காம்பு அவள் கையிலேயே நின்றது. முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தாள். சேலையில் ஒட்டிய கீரையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சென்னியப்பன் முற்றத்தில் தனியாக நின்றார். கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தார். உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. எதையோ உருட்டினாள், எதையோ கீழே போட்டாள்.

வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு ஹெல்மெட் இருந்தது. சிவப்பு நிறம். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. கவர்மேல் தூசி படிந்திருந்தது.

"இது ஏது?" என்றார்.

"நீங்க தார்ப்பாயை எடுத்தீங்களே, அன்னைக்குச் சாயந்தரமே பொள்ளாச்சி போயி வாங்கியாந்துட்டேன்."

"ரெண்டு வருசமா? சொல்லவே இல்லையே!"

சம்பூர்ணம் பல்லால் கடித்துக் கவரைக் கிழித்தாள்.

"எங்கீங் சொல்றது? ஊர்ல இருக்கற டயர்க்கடைக்காரனையெல்லாம் கேட்டு முடிச்சுட்டு எங்கிட்ட வருவீங்கன்னு உக்காந்திருந்தேன்."