அடுத்தவர் திரை

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், பதினொரு பேர் மென்பொருள் எழுதினார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் ஜெபசிங். நாற்பத்தாறு வயது. டியூட்டோரியலில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சுயம்புக்கனி. முப்பத்தைந்து வயதுப் பெண்.

மூன்று வருடமாக, தினமும் சாயங்காலம் கனி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து ஜெபசிங் பக்கத்தில் உட்காருவார். அவர் எழுதியதை வரிவரியாக வாசிப்பார். தப்பு இருந்தால் அந்த வரியில் விரலை வைப்பார். இல்லாவிட்டால் "ம்" என்பார். அந்த ஒரு சத்தத்துக்காக ஜெபசிங் காலையிலிருந்து காத்திருப்பார். தன்னைவிடப் பதினொரு வயது சின்னவரைக் குரு என்று சொல்ல அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்.

ஜூன் மாதம் ஷமீலா வேலைக்குச் சேர்ந்தாள்.

அப்போது அவர்கள் ஒரு மனநல மருத்துவமனைக்காக எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் வந்தார், எதற்காக வந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எல்லாம் அதில் பதிவாகும். முடிந்த பகுதிகளை மருத்துவமனை ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கியிருந்தது.

ஷமீலா இணையத்தில் இருக்கும் ஓர் ஏஐ உதவியாளரிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். கேள்வியைத் தட்டினால், எங்கோ இருக்கும் கணினி பதிலை எழுதித் தரும். ஜெபசிங் இரண்டு நாள் உட்காரும் வேலையை அவள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்தாள். இரண்டாவது வாரம் கனி அவள் எழுதியதை வாசித்துவிட்டுச் சொன்னார்.

"நல்லா இருக்கு."

ஜெபசிங்குக்கு அது கேட்டது. மூன்று வருடத்தில் அவருக்குக் கிடைக்காத வார்த்தை.

அன்று முதல் சாயங்காலங்களில் அந்த நாற்காலி ஷமீலாவின் மேஜைக்குத்தான் முதலில் போயிற்று. சில நாட்கள் இவரிடம் வரவே இல்லை. அவர்கள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று நினைத்தார். அவர்கள் பேசாமல் இருந்தால் அதைவிட மோசமாக இருந்தது. எதிரில் வைத்த டீ ஆடை படிந்து ஆறிக் கிடக்கும்.

ஒருநாள் மதியம் ஷமீலா தொழப் போயிருந்தாள். மற்றவர்கள் சாப்பிடக் கீழே இறங்கிவிட்டார்கள். தண்ணீர் பிடிக்க எழுந்த ஜெபசிங் அவள் மேஜையைக் கடக்கும்போது நின்றார். திரை திறந்தே கிடந்தது. அந்த உதவியாளரோடு அவள் பேசியதெல்லாம் அதில் இருந்தது.

முதல் வரியோடு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. வாசலைப் பார்த்துவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மேலே உருட்டினார்.

ஓர் இடத்தில் அவள் கேட்டிருந்தாள்: "என் சீனியர் ஒருத்தர் எழுதினதுல சின்னத் தப்பு இருக்கு. பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி பிறந்தவங்களப் பதிய முடியல. ரொம்ப நல்ல மனுஷர். அவர் மனசு நோகாம இத எப்படிச் சொல்றது?"

ஜெபசிங்குக்குக் காது சூடாயிற்று. அது அவர் எழுதிய பகுதி.

இன்னும் உருட்டினார். பிழை ஒன்று வந்தபோது, அந்தப் பிழைச் செய்தியை அவள் அப்படியே ஒட்டி அனுப்பியிருந்தாள். நடுவில் ஒரு பெண் நோயாளியின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. உண்மையான பெயர். உண்மையான நம்பர்.

அதற்கும் மேலே வேறொன்று. "அம்மாவுக்குத் திரும்பவும் அந்தக் குரல்கள் கேட்க ஆரம்பிச்சிருக்கு. மாத்திரையத் துப்பிடறாங்க. இங்க யார்கிட்டயும் சொல்ல முடியல."

அதையும் அவர் கடைசிவரை வாசித்தார்.

தன் இடத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பிப்ரவரி இருபத்தொன்பதைச் சரிசெய்தார். ஒவ்வொரு மாற்றத்தோடும் தேதி, நேரத்துடன் பதிவாகும் குறிப்பில் 'சோதிக்கும்போது கண்டது' என்று எழுதினார். பிறகு கனியிடம் போனார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"நோயாளிகளோட விவரத்த வெளிய இருக்கிற ஒரு மெஷின்கிட்ட குடுக்கலாமா?"

"கூடாது. யாரு குடுத்தது?"

"ஷமீலா."

"எப்படித் தெரியும்?"

"போற வழியில கண்ணுல பட்டுச்சு."

கனி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஷமீலாவைக் கூப்பிட்டார். மறைத்துப் பேசாமல் நேராகவே கேட்டார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "எப்பவும் பேர மாத்திட்டுத்தான் அனுப்புவேன், மேடம். போன செவ்வாக்கிழமை ஒரு எரர். அவசரத்துல அப்படியே ஒட்டிட்டேன். அனுப்பின பிறகுதான் பாத்தேன். சொல்லப் பயமா இருந்துச்சு."

"அது இப்ப எங்க இருக்கும்?" ஜெபசிங் கேட்டார். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. "யாரு கையில இருக்கும்?"

"தெரியாது சார்," என்றாள் ஷமீலா.

கனி அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டே, போனை ஸ்பீக்கரில் போட்டு, மருத்துவமனை டாக்டரை அழைத்தார். நடந்ததை ஒன்றையும் குறைக்காமல் சொன்னார்.

"அந்தம்மா என்கிட்ட முதல் நாளே கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் டாக்டர். "என் பேரு வெளிய போயிடாதுல்ல டாக்டர்னு கேட்டாங்க. நான் போகாதுன்னு சொன்னேன்."

"நானே நேர்ல வந்து அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"நான் முதல்ல பேசிக்கறேன். வேற என்னென்ன போயிருக்குன்னு எனக்கு இன்னைக்கே தெரியணும். அதுக்குப் பிறகுதான் உங்ககூட வேல பாக்கறதா வேண்டாமான்னு சொல்லுவேன்."

அன்று சாயங்காலம் கனியும் ஷமீலாவும் அந்தத் திரைமுன் உட்கார்ந்தார்கள். ஜெபசிங் தன் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஷமீலா தன் கையாலேயே உருட்டினாள். வேலை சம்பந்தப்பட்டதையெல்லாம் காட்டினாள். நடுவில் ஓர் இடத்தில் அவள் கை நின்றது.

"இது வேற, மேடம். வீட்டு விஷயம்."

கனி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் "ஆச்சு" என்று சொல்லும்வரை திரும்பவில்லை.

ஒரு பெயர், ஒரு போன் நம்பர். வேறெதுவும் போகவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் பதில் சொன்னார். வேலை தொடரலாம். ஆனால் தன் மருத்துவமனை வேலையில் இனி யாரும் வெளி ஏஐ உதவியாளரைப் பயன்படுத்தக்கூடாது. கனி போய் அந்தம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஷமீலாவும் கூடப் போனாள். வரும்போது கண்கள் வீங்கியிருந்தன.

மறுநாளிலிருந்து அவள் உதவியாளர் இல்லாமல் எழுதினாள். மெதுவாக எழுதினாள். நிறைய தப்பு விட்டாள். ஜெபசிங் எதிர்பார்த்தது இதைத்தான்.

சாயங்காலம் கனி நாற்காலியை இழுத்தார். நாற்காலி ஷமீலாவின் மேஜைக்கே போயிற்று.

அவளும் மற்றவர்களும் கிளம்பிப் போனபிறகு ஜெபசிங் கனியின் எதிரில் வந்து நின்றார்.

"தப்புப் பண்ணினது அவங்க. கவனிச்சுச் சொன்னது நான். அப்பவும் நீங்க அவங்க பக்கத்துலதான் உக்காருறீங்க."

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார்.

"பிப்ரவரி இருபத்தொன்பது. அத எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஜெபசிங் ஷமீலாவின் மேஜைப் பக்கம் பார்த்தார்.

"அவ என்கிட்ட காட்டினதுல அந்தக் கேள்வியும் இருந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவ இன்னும் யோசிச்சுக்கிட்டு இருந்தா. போய்த் திறந்து பாத்தா அத நீங்க சரிபண்ணியாச்சு. என்கிட்ட புகார் சொல்ல வந்தீங்களே, அதே நாள். அதே மதியம்."

கீழே கடைக்காரர்கள் ஷட்டர் இறக்கும் சத்தம் கேட்டது.

"மூணு வருஷம் என் பக்கத்துல உக்காந்தீங்க," என்றார் ஜெபசிங். "வீட்டுல என் மனைவிகிட்ட தினமும் சொல்லுவேன், இன்னைக்கு மேடம் இதச் சொன்னாங்க, அதச் சொன்னாங்கன்னு. ஜூன் மாசத்துலருந்து சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. அவளும் கேக்கறத விட்டுட்டா. அந்தப் பொண்ணு வந்து ரெண்டு வாரத்துல... அவகிட்ட அப்படி என்ன இருக்குன்னு பாக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல மேடம். உங்கள மாதிரி ஒருத்தர்கிட்ட கேக்கறதுக்குப் பயந்துக்கிட்டு, ஒரு மெஷின்கிட்ட கேட்டிருந்தா."

கனி தலையசைத்தார்.

"அம்மாவைப் பத்தியும் எழுதியிருந்தா," என்றார் ஜெபசிங் மெல்ல.

"அது என்னன்னு என்கிட்ட சொல்லாதீங்க."

ஜெபசிங் கேட்டார். "நான் வாசிச்சத அவகிட்ட சொல்லணுமா மேடம்?"

"அவ தப்ப அவ என்கிட்ட சொன்னா. நான் டாக்டர்கிட்ட சொன்னேன்."

மறுநாள் காலை ஷமீலா வந்து பையை வைப்பதற்கு முன்பே ஜெபசிங் அவளிடம் போய்ச் சொன்னார். உட்கார்ந்தது, உருட்டியது, திருத்தியது, குறிப்பில் பொய் எழுதியது, எல்லாம்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எதுவரைக்கும் வாசிச்சீங்க?"

"முழுசா."

"அம்மாவப் பத்தியுமா?"

"ஆமா."

"எங்க சொந்தக்காரங்களுக்கே தெரியாது சார். என் தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம். யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா யார்கிட்டயும் சொல்லல."

"சொல்ல மாட்டீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

கணக்கு வாத்தியாராக இருந்தவர். எத்தனையோ விஷயங்களைக் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டியவர். இதை நிரூபிக்க வழி தெரியாமல் தன் இடத்துக்குத் திரும்பினார்.

அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் வந்தாலே ஷமீலா திரையை அணைத்துவிடுவாள். பேச்சில் மரியாதை குறையவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பத்து நாள் பார்த்தார். பதினோராம் நாள் கனியிடம் போனார்.

"என்னால தாங்க முடியல. அவங்க நம்புறதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். தெரிஞ்சத வெளிய விடாம தினமும் வேலைக்கு வாங்க."

"எத்தனை நாள் மேடம்?"

"அது அவ மனசுல இருக்கு சார். அங்கயும் எட்டிப் பாக்காதீங்க."