திரும்பி வருவதற்கு அத்தாட்சி

கமுதிப் பூமயிலுக்கு லண்டனில் பொது நிர்வாக மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அரசு உதவித்தொகைக்குத் துறை இயக்குநர் கையெழுத்துதான் பாக்கி. அவரோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “போனவங்க யாரும்மா திரும்பி வந்தாங்க? நீ வருவேங்கிறதுக்கு இப்பவே அத்தாட்சி காட்டு, பார்ப்போம்” என்றார்.

“என் விண்ணப்பத்தைத் திருப்பிப் பாருங்க சார்.”

பின்பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் ‘அடுத்த வாரம் வரவும்’. பதினேழு தேதிகளில், பதினேழு தடவை.

“ஒரு வாரம்கூடத் தவறல சார். வரச்சொன்ன அன்னைக்குக் கமுதியிலிருந்து பஸ் ஏறி வந்து நின்னேன். படிச்சிட்டும் வருவேன். அப்புறம் இந்த ஆபீசுக்கு யாரும் ரெண்டாவது தடவை வர வேண்டியிருக்காது.”

இயக்குநர் பேனாவை எடுத்தார். பதினேழுக்கும் கீழே இருந்த சுருக்கொப்பம் அவருடையதுதான். பதினெட்டாவதை முன்பக்கத்தில், முழுப்பெயரோடு போட்டார்.