பயில்வான் காலும் பழைய விலங்கும்

அந்தக் காலத்தில் மணற்கோட்டை ராஜ்யத்தை உக்கிரதேவர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவார். மல்யுத்தம் என்றால் அவருக்கு உயிர். அவருடைய செல்லப் பயில்வான் முத்திருளன்.

ஒருநாள் முத்திருளன் சபைக்கு வந்து கொதித்தான்.

"மகாராஜா! திருவிழாக் குஸ்தியில் நான் இறங்கக் கூடாதாம். எங்கள் குஸ்தி வாத்தியார், வஸ்தாது சோலையப்பர் தடுக்கிறார். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். எழுந்திரு என்றால் எழ வேண்டும், தின்னு என்றால் தின்ன வேண்டும். தங்கள் கொள்ளுத்தாத்தா எதிரியின் சிறையில் பன்னிரண்டு வருஷம் கிடந்தாரே, அதே கதிதான் எனக்கும்!"

இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேங்கடபூபதி என்ற பிரபு. வஸ்தாது வேலையில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவருக்கு நெடுநாள் ஆசை.

"கேட்கவே நெஞ்சு பதறுகிறது!" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஈரம் இல்லை. இருந்தாலும் துடைத்தார்.

கொள்ளுத்தாத்தா பேச்சு வந்தாலே ராஜாவுக்குக் கண் சிவந்துவிடும். "என் நாட்டில் இப்படியொரு சிறைக்காவலனா? பொழுது சாய்வதற்குள் சோலையப்பர் எல்லையைத் தாண்ட வேண்டும்!"

ஓரமாக நின்ற சோலையப்பர், "அவன் இடது தோள் பிசகியிருக்கிறது, மகாராஜா. ஆறட்டும் என்றுதான்..." என்று ஆரம்பித்தார். யார் காதிலும் ஏறவில்லை.

மந்திரி அம்பலத்தார் எழுந்தார். "நியாயமான உத்தரவு. சிறையிருந்த பெரியவரின் கால்விலங்கை வருஷம் தவறாமல் பாலூற்றிப் பூஜிக்கிறோமே, அதைப் பயில்வானுக்கும் பூட்டிப் பார்ப்போம். இருவருக்கும் ஒரே கதி என்றால் விலங்கும் பொருந்தத்தானே வேண்டும்?"

"பேஷ்!" என்றார் ராஜா.

அரண்மனைக் கொல்லன் வந்தான். வலது காலில் வைத்துப் பார்த்தான், இடது காலில் வைத்துப் பார்த்தான். வளையம் பாதிக் காலைக்கூடச் சுற்றவில்லை.

"பூட்ட முடியாதுங்க. பெரியவரு மெலிய மெலிய விலங்கு கழண்டு விழுந்திருக்கு. மூணு தடவை நெருக்கி அடிச்சிருக்காங்க, சுத்தியல் தடம் இதோ இருக்கு பாருங்க. இவரு காலுக்கு இன்னொரு பங்கு இரும்பு வேணும்."

சபை சிரித்தது. மந்திரி மட்டும் சிரிக்கவில்லை.

"பன்னிரண்டு வருஷத்தில் அவர் கால் அப்படி இளைத்தது. உன் கால் எப்படியப்பா இப்படிப் பருத்தது? யார் போட்ட சோறு?"

முத்திருளன் தன் காலையே பார்த்தான். குச்சிக் காலோடு வந்து சேர்ந்த நாள் ஞாபகம் வந்தது. வஸ்தாது வீட்டுப் பசு கறக்கும் முதல் செம்புப் பால் என்றைக்கும் அவனுக்குத்தான். முதுகில் கல் குத்திவிடப் போகிறதே என்று அந்த மனுஷர் தினமும் கோதா மண்ணைத் தன் கையாலேயே சலித்துப் போடுவார்.

"சொல்லிக்கொடுத்தது வேங்கடபூபதி ஐயா. ஆனால் பேசியது என் வாய்தான்" என்றான்.

ராஜா பாய்ந்தார். "என் கொள்ளுத்தாத்தா பட்ட பாடு உனக்கு விளையாட்டா? கொண்டா சவுக்கை!"

குறுக்கே வந்து விழுந்தவர் சோலையப்பர். "வலியில் பேசிவிட்டான், மகாராஜா. வலி வந்தால் எல்லாப் பயலும் என்னைத்தான் திட்டுவான். பொறுத்தருளுங்கள்."

ராஜாவின் கோபம் அப்படியே இறங்கிப்போயிற்று. சோலையப்பரைத் தூக்கி நிறுத்தித் தன் பட்டுச் சால்வையைப் போர்த்தினார். மந்திரிக்குக் கழுத்து முத்துமாலை. வேங்கடபூபதிக்குச் சல்லடை: பயில்வான் தோள் ஆறும்வரை கோதா மண்ணை அவர்தான் சலிக்க வேண்டும்.

முத்திருளன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடப் போனான். வலது கை போயிற்று. இடது கை பாதியிலேயே நின்றது. சோலையப்பர் ஓடிவந்து அதைத் தாங்கிப் பிடித்தார்.

"தூக்காதே தம்பி. இன்னும் பத்து நாள்."

"சரிங்க, வஸ்தாது" என்றான். பன்னிரண்டு வருஷத்தில் அன்றுதான் அவன் மறுபேச்சு இல்லாமல் அந்த வார்த்தையைச் சொன்னான்.