காலித் திரைக்கு அடியில ஒரு கல்யாணம்

குருவுக்கு வயசு இருபத்தேழு. சீடருக்கு அம்பத்திரண்டு. ஆசிரமம்னு பாத்தா, நாகர்கோவில் வடசேரியில மாடிப்படிக்குக் கீழ ஒரு டிடிபி கடை. ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். அதுவும் குரு பக்கமாத்தான் திரும்பும்.

குரு பெனிட்டாவோட திரையில ஒண்ணுமே இருக்காது. வெறும் சாம்பல் கலர். கடிகாரம் கிடையாது, ஐகான் கிடையாது. மவுஸோட வலது பட்டனை அமுக்கிப் பிடிச்சா ஒரு குட்டி லிஸ்ட் வரும். புதுசு, அளவு, நகத்து, அழி, மறை. அம்புட்டுதான். விண்டோ வேணும்னா, கபடிக்குக் கோடு போடுற மாதிரி நாமளே மவுஸால கட்டம் இழுக்கணும். இழுத்த இடத்துல அது வந்து உக்காரும்.

சீடர் தாணுலிங்கத்தோட திரையோ, கோயில் கொடைத் திருவிழா நடக்குற தெரு. நடுவுல முருகன் சிரிப்பாரு, காலடியில மீன் நீந்தும், மூலையில ஒரு மேகம் மழை வருமா வராதான்னு சொல்லிக்கிட்டே கிடக்கும்.

செவ்வாக்கிழமையில இருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளல. உக்காந்தா காலு ஆடும். எந்திரிச்சா கை மவுஸைத் தேடும். விண்டோவை இடப்பக்கம் தள்ளுவாரு, பெறவு வலப்பக்கம் தள்ளுவாரு. வாடகை வீட்டுல பீரோவுக்கு இடம் தேடுற கதைதான்.

காரணம் அவருக்கு மட்டும் தெரியும். வேலப்பன் மக கல்யாணக் கார்டு. பழைய கார்டு ஒண்ணைத் திறந்து பேரை மாத்தி, தேதிய மாத்தி, மண்டபத்தை மாத்துனவரு, முகூர்த்த நேரத்தை மட்டும் மாத்தல. காலை ஆறு டு ஏழரைன்னு இருக்க வேண்டிய இடத்துல ஒம்பது டு பத்தரை. நானூறு கார்டும் அடிச்சு, கட்டுக் கட்டி அலமாரியில இருக்கு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு வேலப்பன் வாங்கிட்டுப் போறாரு, நாளையில இருந்து வீடு வீடா ஏறிக் குடுக்கப் போறாரு. மாப்பிள்ளை மாலையைக் கழத்தி ஆணியில மாட்டுன பெறவுதான் சொந்தபந்தம் வந்து எறங்கும்.

சொன்னா, தாணுலிங்கம் கைபட்டா தப்பே வராதுன்னு இருவத்திரண்டு வருஷமா வாங்குன பேரு போச்சு. சொல்லலைன்னா, அடிக்கதுக்கு முன்னால சரி பாத்து வேலப்பன் கையெழுத்துப் போட்ட ப்ரூஃப் இருக்கு. நீருதானய்யா பாத்தீருன்னு திருப்பிரலாம்.

இன்னைக்குக் காலையில குருவைக் கும்பிட்டு, எனக்கும் அந்தக் காலித் திரையைப் போட்டுத் தா மக்ளேன்னு கேட்டாரு. அவளும் போட்டுக் குடுத்தா. அஞ்சு நிமிஷத்துல தொழில் புடிபட்டுட்டு. ஒவ்வொரு விண்டோவா மறை, மறை, மறைன்னு அமுக்கினாரு. திரை கழுவி விட்ட மாதிரி ஆச்சு. காலு மட்டும் ஆட்டத்தை நிறுத்தல.

"குருவே, திரை காலி. மனசு காலியாக மாட்டேங்கு, ஏன்?"

பெனிட்டா டீயை ஆத்திக்கிட்டே சொன்னா.

"வலது பட்டனை அமுக்குங்க அண்ணாச்சி."

அமுக்கினாரு. அந்த அஞ்சு வார்த்தைக்குக் கீழ, மறைச்சதெல்லாம் ரேஷன் கடை க்யூ மாதிரி வரிசையா நின்னுது.

"இதையெல்லாம் அழிங்க."

ராசிபலனை வெளிய எடுத்தாரு, அழிச்சாரு. கிரிக்கெட் ஸ்கோர் போச்சு. மருமகன் ஃபோட்டோவைக் கொஞ்சம் சந்தோஷமாவே அழிச்சாரு. கடைசியில ஒத்தப் பேரு மிச்சம். வேலப்பன் கல்யாணம்.

அதை எடுக்காமலே 'அழி'யை அமுக்கினாரு. மவுஸ் அம்பு, குறி பாக்குற வட்டமா மாறுச்சு. காலித் திரையில அங்க சுட்டாரு, இங்க சுட்டாரு, தீவாளித் துப்பாக்கி கிடைச்ச பிள்ளை கணக்கா. திரும்ப அமுக்கிப் பாத்தா, பேரு அங்கேயே நிக்கு.

"உன் சாமான்ல கோளாறு மக்ளே."

"கோளாறு இல்ல. ஒளிஞ்சு கிடக்கதைச் சுட முடியாது. வெளிய வரணும்."

எடுத்தாரு. எடுத்த வேகத்துல 'அளவு' போட்டு, தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, மூலையில கொண்டு வச்சாரு. பிள்ளையார் சுழி மட்டும் தெரிஞ்சுது.

பெனிட்டா டம்ளரை வச்சிட்டு வந்து அந்தத் தீப்பெட்டியையே பாத்தா. இதுல என்ன இருக்குன்னு கேட்டா. சீடர் தொண்டையைச் செருமினாரு. ஃபேனைப் பாத்தாரு. அப்புறம் சன்னமா ஒவ்வொண்ணாச் சொன்னாரு. பழைய கார்டு, ஒம்பது டு பத்தரை, ப்ரூஃப். ப்ரூஃப் பாக்க வந்த அன்னைக்கு வேலப்பன் கண்ணாடியை வீட்டுல மறந்துட்டு வந்ததையும், எல்லாம் சரியாத்தான இருக்குன்னு கேட்டதையும், நான் இருக்கேன்லா, போடும்னு கையெழுத்துப் போடுற இடத்தைத் தானே தொட்டுக் காட்டுனதையும் சொன்னாரு.

குரு அலமாரியில இருந்த கார்டுக் கட்டைத் திரும்பிப் பாத்தா.

வாசல்ல வண்டிக்கு ஸ்டாண்டு போடுற சத்தம். பதினொண்ணுக்கு வர வேண்டிய மனுஷன் பத்தேகாலுக்கே வந்து நிக்காரு. கார்டு ரெடியா தாணுன்னு கேட்டுக்கிட்டே வேலப்பன் செருப்பைக் கழத்துறாரு.

தாணுலிங்கத்தோட விரலு வலது பட்டன்ல. லிஸ்ட் விரிஞ்சு நிக்கு. 'அழி'க்கும் 'மறை'க்கும் நடுவுல அம்பு கிடந்து துடிக்கு.

"குருவே," உதடு அசையாமக் கேட்டாரு, "மறைக்கட்டா, அழிக்கட்டா?"

பெனிட்டா ஒரு ஸ்டூலை எடுத்து அவரு கம்ப்யூட்டருக்கு முன்னால போட்டா.

"அவரு இன்னைக்கும் கண்ணாடி போடாமத்தான் வந்திருக்காரு அண்ணாச்சி. நல்லாப் பெருசாக்குங்க."