முழியன் நட்ட மூங்கில்

கரட்டு மலையின் அடிவாரத்தில், வற்றிப்போன ஓடைக்குப் பக்கத்தில், ஒரு களாக்காடு இருந்தது. அதன் நடுவே முழியன் என்னும் தேவாங்கு குடியிருந்தான். அவன் வீட்டுக்குக் கிழக்கே மிரளி என்னும் முயலின் வீடு. மேற்கே இரண்டு வீடுகள். ஒன்றில் ஈட்டியப்பர் என்னும் முள்ளம்பன்றி, மற்றதில் குழிச்சாமி என்னும் பெருச்சாளி.

மிரளி அப்போதுதான் மூன்று குட்டிகள் ஈன்றிருந்தாள். எலிக்குட்டி கண் மூடிப் பிறக்கும். காட்டுமுயல் குட்டி கண் திறந்தே பிறக்கும். பிறந்த நொடியிலிருந்தே பயப்படுவதற்கு அது ஒரு வசதி. மிரளி தன் குட்டிகளைப் புல் மறைவில் ஒரு பள்ளத்தில் கிடத்தி, ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"என்ன நடந்தாலும் அசையக் கூடாது!"

முயல் குலத்தின் கல்வி முழுவதும் அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் இரண்டு குரங்குகள் ஒரு நெட்டை மூங்கிலை இழுத்துக்கொண்டு வந்தன. பின்னால் முழியன், தனக்கே உரிய நிதானத்தில், ஒரு சுரைக்குடுக்கையைச் சுமந்துகொண்டு வந்தான்.

"என்ன தம்பி இது?" என்று கேட்டாள் மிரளி.

"காது, அக்கா!"

"யாருக்குக் காது?"

"எனக்குத்தான். இந்தக் குடுக்கையை நுனியில கட்டி, மூங்கிலை நிமிர்த்தி நட்டு, அடியில காதை வச்சா, மலைக்கு அந்தப் பக்கம் பேசுறது கேட்கும். நான் தட்டினா அவங்களுக்கும் கேட்கும்."

மிரளி மூங்கிலை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். காது நீளமாக இருப்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை, அவளுடையதும் நீளம்தான். ஆனால் உயரமான கம்பு என்றால் அதில் எது வந்து உட்காரும்? வல்லூறு உட்காரும். உட்கார்ந்து எங்கே பார்க்கும்?

அவள் புல் மறைவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் மற்ற இருவரையும் எழுப்பினாள்.

நடுப்பகலில் ஊர்க்கூட்டம் கூடியது. நமக்கு நள்ளிரவு எப்படியோ, தேவாங்குக்கு நடுப்பகல் அப்படி. ஆகவே குற்றம் சாட்டப்பட்டவன் விசாரணையில் பாதியைத் தூங்கியே கழித்தான்.

"டேய், எழுந்திருடா!" என்று முட்களைச் சிலிர்த்தார் ஈட்டியப்பர். "கம்பு நட்டா இடி விழும். உயரமா எது நிக்குதோ, அதைத் தேடித்தான் இடி வரும்!"

முழியன் ஒரு கண்ணைத் திறந்தான். "பனைமரம் இதைவிட உயரமா நிக்குதே, அண்ணே?"

"பனைமரம் என்னைக் கேட்டா வளர்ந்துச்சு? நீ கேட்கணும்ல!"

குழிச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். "இடியை விடுங்க. ஊர்ப்பட்ட சத்தமெல்லாம் அந்தக் கம்பு வழியா மண்ணுக்குள்ள இறங்கும். என் வளை மண்ணுக்குள்ள இருக்கு. ராத்திரி நான் தூங்க வேண்டாமா?"

"நீங்க ராத்திரி தூங்கினதே இல்லையே, அய்யா! நான் முழிச்சிருக்கிறப்பதானே என் கொல்லையில கிழங்கு தோண்டுறீங்க?"

குழிச்சாமிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"சரி, அப்படி என்னதான் பேசுறாங்க அந்தப் பக்கம்?" என்றார் ஈட்டியப்பர்.

முழியனின் இரண்டு கண்களும் மலர்ந்தன. "முன்னே ஒரு சின்னக் கம்பை வச்சுக் கேட்டேன், அண்ணே. ரொம்ப மெல்லிசா யாரோ தட்டினாங்க. 'இங்கே மழை இல்லை. அங்கே?'"

"நீ என்ன சொன்ன?"

"'இங்கேயும் இல்லை'ன்னு தட்டினேன்!"

ஈட்டியப்பரின் முட்கள் மறுபடியும் சிலிர்த்தன.

"இதுக்கா இவ்வளவு உயரம்?"

"முகம் தெரியாத ஒருத்தர் கேட்கிறாரே, அண்ணே. பதில் சொல்ல வேண்டாமா?"

அப்போது மிரளி மெல்லிய குரலில் கேட்டாள். "வல்லூறு வந்து உட்கார்ந்தா?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. முழியனும் தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். "நுனியைச் சுத்தி காரைமுள் கட்டிடறேன், அக்கா. எந்தப் பறவையும் கால் வைக்க முடியாது."

"கம்பே விழுந்துட்டா?"

"விழாது. சீந்தில் கொடியை முறுக்கி, மூணு பக்கமும் இழுத்துக் கட்டுறேன். உங்க முற்றத்துல ஒண்ணு, அண்ணன் முற்றத்துல ஒண்ணு, அய்யா முற்றத்துல ஒண்ணு. மூணு கொடியும் இருக்கிற வரைக்கும் கம்பு நிக்கும்."

ஆடி முடியும்வரை பார்க்கலாம் என்று முடிவாயிற்று. எந்தக் கூட்டத்துக்கும் தெரிந்த ஒரே முடிவு, பிறகு பார்க்கலாம் என்பதுதானே! குரங்குகள் மூங்கிலை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, கூலியாகக் கிடைத்த களாப்பழத்தைத் தின்றுவிட்டுப் போயின.

வல்லூறு உண்மையில் வந்தது. முள்ளைப் பார்த்தது, ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஆனால் மிரளியின் பயம் போகவில்லை. அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

சூரியன் மேற்கே சாயும்போதெல்லாம் மூங்கிலின் நிழல் கிழக்கே நீளும். புதரைத் தாண்டும், முற்றத்தைத் தாண்டும், கடைசியில் அந்தப் பள்ளத்தின் மேல், மூன்று குட்டிகளின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடாகப் படுத்துக்கொள்ளும். கம்பு விழுந்தால் எங்கே விழும் என்பதை நிழல் மாலைதோறும் ஒத்திகை பார்த்தது. மிரளி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மேய மறந்தாள். மேயாததால் பாலும் குறைந்தது.

இந்த நேரம் பார்த்துக் குழிச்சாமி வந்தார்.

"தங்கச்சி, இளைச்சுட்டியே! ஒரு கணக்கு சொல்றேன், கேளு. எந்தப் பக்கத்துக் கொடி அறுந்துபோகுதோ, கம்பு அதுக்கு எதிர்ப்பக்கம்தான் சாயும். உன் பக்கத்துக் கொடி அறுந்தா, உன் பக்கம் விழாது."

"அப்போ எந்தப் பக்கம் விழும்?"

"எதிர்ப்பக்கம்."

"எதிர்ப்பக்கம் ஈட்டியண்ணன் இருக்காரே!"

"அவருக்கென்ன, உடம்பெல்லாம் முள்ளு!" என்று சொல்லிவிட்டுக் குழிச்சாமி போய்விட்டார்.

கணக்கு சரிதான். ஆனால் முழுத் தப்பான கணக்கைவிடப் பாதிச் சரியான கணக்கு பொல்லாதது. மேலும், இதே கணக்கை அவர் காலையிலேயே ஈட்டியப்பரிடம் போய்ச் சொல்லியிருந்தார். தன் முற்றத்துக் கொடியில் பல் வேலையை அதற்கும் முன்பே முடித்திருந்தார். இவை எதுவும் மிரளிக்குத் தெரியாது.

அவள் தன் முற்றத்துக் கொடியருகே போனாள். திரும்பி வந்தாள். நிழலைப் பார்த்தாள். மறுபடியும் போனாள். ஒரு நார் மட்டும் மிஞ்சும்படி, கொடியை அடியில் கொறித்தாள். பல் தடம் தெரியாமலிருக்க அதன் மேல் மண்ணைப் பூசினாள். 'ஒன்றுதானே! இன்னும் இரண்டு இருக்கின்றன' என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். மனசு நம்பியதுபோல் பாவனை செய்தது.

ஆடி பிறந்தது. மேற்கேயிருந்து காற்று கிளம்பியது. ஆடிக் காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்பது அந்தக் காட்டில் எறும்புக்கும் தெரியும். கொடியைக் கொறிக்கும்போது மிரளிக்கு மட்டும் அது மறந்துபோயிருந்தது. பயத்துக்கு ஞாபகசக்தி குறைவு.

ஒரு பிற்பகலில் காற்று ஊளையிட்டது. களா இலைகள் பறந்தன. மூங்கில் கிரீச்சிட்டது. மிரளி முதலில் ஓடியது தன் கொடியிடம். அது தொய்ந்து, செத்த பாம்பைப்போலத் தரையில் கிடந்தது. அறுந்திருக்கவில்லை, இழுப்பே இல்லாமல் கிடந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூங்கில் அவள் பக்கம் வளைந்திருந்தது. அதன் நுனி, குட்டிகள் கிடந்த பள்ளத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் இதை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது எது?

மேற்கே கட்டிய கொடிகள். ஈட்டியப்பர் முற்றத்துக் கொடியும் குழிச்சாமி முற்றத்துக் கொடியும்தான். அவள் முற்றத்துக் கொடி அவர்கள் வீட்டைக் காக்கக் கட்டியது. அவள் வீட்டைக் காக்கும் கொடிகள் அவர்கள் முற்றத்தில் இருந்தன.

"அவை நன்றாக இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும்" என்று முனகிக்கொண்டே அவள் மேற்கே ஓடினாள்.

குழிச்சாமியின் கொடி ஏற்கெனவே அறுந்து, காற்றில் சாட்டையைப்போலச் சுழன்றுகொண்டிருந்தது. ஈட்டியப்பரின் கொடி வில் நாணைப்போல விறைத்து நின்றது. அதன் அடியில் மண் பூசியிருந்தது. அந்த மண் எதற்கு என்று மிரளிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நார் பட்டென்று தெறித்தது.

ஓடிப்போய்க் குட்டிகளைத் தூக்கலாமா? வாயில் ஒன்றைத்தான் தூக்க முடியும். ஒன்றைத் தூக்கினால் இரண்டு கிடக்கும். ஓடச் சொல்லிக் கத்தலாமா? கத்தினாலும் அசைய மாட்டார்கள். அவள் சொல்லிக்கொடுத்த பாடம் அது!

மிரளி கொடியை, கொறித்த இடத்துக்கு மேலே, பல்லால் கவ்வினாள். பின்னங்கால்களை ஒரு வேரில் உதைத்துக்கொண்டாள். கடைசி நாரும் தெறித்தது. கம்பின் கனம் முழுவதும் அவள் தாடையில் இறங்கியது.

இனி உதவிக்குக் கூப்பிட முடியாது. வாயைத் திறந்தால் கொடி போய்விடும். ஒரு காலை எடுத்துத் தரையை ஓங்கி ஓங்கி உதைத்தாள். தொப்! தொப்! தொப்! அந்த அதிர்வு கொடியில் ஏறி மூங்கிலுக்குப் போனது. மூங்கிலின் அடியில் காதை வைத்து முழியன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் துள்ளி எழுந்தான். 'மலைக்கு அந்தப் பக்கம்! பகலிலேயே கூப்பிடுகிறார்கள்!' ஆவலோடு பதில் தட்டினான். "இங்கே காற்று பலம். அங்கே?"

அந்தத் தட்டல் மிரளியின் பற்களுக்குள் அதிர்ந்தது. பயத்தோடு பயமாக அழுகையும் வந்தது. தொப்! தொப்! தொப்!

முழியன் யோசித்தான். மலைக்கு அப்பால் இருப்பவர் நலம் விசாரிக்காமல் இப்படி மொத்துபவர் அல்ல. இது பக்கத்து வீடு! அவன் புறப்பட்டான். தேவாங்கு ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று அவன் கொஞ்சம் வேகமாக நடந்தான்.

அதற்குள் ஈட்டியப்பர் வெளியே வந்துவிட்டார். "யாரது என் முற்றத்துல? மிரளியா? ஏ, கொடியை நான் தொடவே இல்லை! காத்துலதான்…"

மிரளியின் வாயில் கொடி இருந்தது. கண்ணை மட்டும் உயர்த்தினாள். அவர் அந்தக் கண்ணைப் பார்த்தார்; கண் போன திசையில் வளைந்த மூங்கிலைப் பார்த்தார்; அதற்கு அப்பால் இருந்த புல் மறைவைப் பார்த்தார். பாக்கி வார்த்தையை விழுங்கிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் கொடியைக் கவ்வினார்.

முழியன் வந்து, காற்றில் சுழன்றுகொண்டிருந்த குழிச்சாமி முற்றத்துக் கொடியை எட்டிப் பிடித்தான். தேவாங்கின் கைப்பிடியிலிருந்து எதுவும் எளிதில் தப்பாது. அதை இழுத்துக்கொண்டே குழிச்சாமியின் வளையில் எட்டிப் பார்த்தான்.

"அய்யா, வெளியே வாங்க! இதைக் கவ்வுங்க!"

"நான் எதுக்கு? இது உன் கம்பு! அன்னைக்கே சொன்னேனே…"

"இதுல ஒரு பல் தடம் இருக்கு, அய்யா. உங்க பல்லை அதே இடத்துல வச்சா சரியாப் பொருந்தும். வாங்க!"

குழிச்சாமி வந்தார். கவ்வினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று அடித்தது. மூங்கில் நுனியிலிருந்து சுரைக்குடுக்கை பிய்த்துக்கொண்டு பறந்தது. கிழக்கே, புல் மறைவுப் பக்கத்தில், அது டமாரென்று வெடிக்கும் சத்தம் கேட்டது.

பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மிரளியால் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. கொடியை விட்டால் மூங்கிலும் பின்னாலேயே போகும். அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். காற்று அடங்கும்வரை மூவரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு அமைதியான ஊர்க்கூட்டம் அந்தக் காட்டில் அதற்கு முன் நடந்ததே இல்லை.

வெயில் சாயும்போது காற்று ஓய்ந்தது. முழியன் இரண்டு கொடிகளையும் வேரோடு சேர்த்து முடிந்தான். "விடுங்க அக்கா" என்றான். அவள் தாடை உடனே திறக்கவில்லை. திறந்ததும் ஓடினாள்.

பள்ளத்தைச் சுற்றிலும் குடுக்கைச் சில்லுகள். உள்ளே மூன்று குட்டிகள், கண் திறந்தபடி, கல்லைப்போல. ஒன்றின் முதுகில் ஒரு பெரிய சில்லு கிடந்தது. மிரளி நெருங்கினாள். மோந்து பார்க்கக்கூடத் துணிவு வரவில்லை.

அந்தக் கண் ஒருமுறை சிமிட்டியது.

"அம்மா, இப்ப அசையலாமா?"

மிரளி அவர்கள் மேல் விழுந்து நக்கினாள். மற்ற மூவரும் மெல்ல வந்து நின்றார்கள். அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "தம்பி, என் முற்றத்துக் கொடியையும் பாரு. மண்ணைத் துடைச்சுட்டுப் பாரு. அது என் பல்லுதான்."

முழியன் போய்ப் பார்த்தான். ஈட்டியப்பர் தன் முட்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார். குழிச்சாமிக்கு மறுபடியும் இருமல் வந்தது. முழியன் திரும்பி வந்து, பள்ளத்தைச் சுற்றிக் கிடந்த சில்லுகளைப் பொறுக்கினான். மறுநாள் புதுக் கொடிகள் மூன்று முறுக்கினான். புதுக் குடுக்கை ஒன்று தேடி வந்தான். ஆடி முடிந்தது. பிறகு பார்க்கலாம் என்று சொன்னவர்கள், ஏனோ, பிறகு பார்க்கவில்லை.

ஐப்பசியில் கொண்டல் காற்று கிழக்கேயிருந்து திரும்பியது. காலையில் மிரளி கண் விழித்தபோது முற்றத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஈட்டியப்பர் அவள் கொடியை முகர்ந்துகொண்டிருந்தார். குழிச்சாமி கொடி கட்டிய முளையைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தோம், தங்கச்சி" என்றார் குழிச்சாமி.

"நல்லாப் பாருங்க, அய்யா" என்றாள் மிரளி. "நானும் ஆடி பூரா உங்க முற்றத்துக்கு அப்படித்தான் சும்மா வந்தேன்."

மூங்கிலடியில் முழியன் தட்டிக்கொண்டிருந்தான். "இங்கே காற்று பலம். கம்பு நிற்கிறது. அங்கே?"

தன் வீட்டைத் தாங்கும் கயிறு அடுத்தவர் முற்றத்தில்தான் கட்டியிருக்கிறது என்பதை மறந்து, பயத்தில் தன் பக்கத்துக் கயிற்றை அறுப்பவர் எல்லார் வீட்டையும் சாய்க்கிறார்.